ஒரு கைக்குள் பதினொரு பேர்

நிரோஷாவின் வலது கைக்குள் பதினொரு பேர் இருந்தார்கள். அன்றைக்குப் பதினொரு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்டல்குப்பத்துக் கழிமுகத்தின் ஓரமாக, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீளச் சுவருக்கு முன்னால், மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவள் ஏறி நின்றிருந்தாள். கையில் வெள்ளிச் சாயம் தோய்த்த தூரிகை. அதை மேலே கொண்டுபோக ஐந்து பேர் இழுத்தார்கள். கீழே நான்கு பேர். மீதி இருவருக்கு இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது. முழங்கை மட்டும் கல்யாண மண்டபத்தில் பந்தி எந்தப் பக்கம் என்று தெரியாத விருந்தாளி மாதிரி இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. நிரோஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கோடு நடுங்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காதுக்குள் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"வயித்தை இன்னுங் கொஞ்சம் தூக்கோணுங்க" என்றார் கோயம்புத்தூரிலிருந்து மீனலோசனி. அவர் சிற்பி. எதையும் உருண்டையாகத்தான் பார்ப்பார்.

"காணும் அக்கா, காணும். மீன் வெடிக்கப்போகுது" என்றான் டொரொன்டோவிலிருந்து துஷ்யந்தன்.

"கண்ணு சோகமா இருக்கணும் லா. அதுக்குத்தானே வரையறோம்?" என்றாள் மலேசியாவின் கிள்ளானிலிருந்து பூங்கொடி.

கடைசியில் மீன் வயிறு உருண்டு, கண் கலங்கி, வால் விசிறியாக விரிந்து சுவரில் நின்றது. மீன் கூடையோடு அந்தப் பக்கமாக வந்த சித்ராக்கா நின்று பார்த்தாள். நிரோஷாவின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாயிலிருந்து தப்பித்த ஆள் அந்தக் குப்பத்தில் இல்லை.

"இன்னாடி நிரோ இது?"

"மடவக்கா."

"மடவையா? எத்தினி மாசம்?"

பின்னால் வந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இன்னாத்துக்கு அழுவுது? புருசங்காரன் வுட்டுட்டுப் பூட்டானா?" சித்ராக்கா நிறுத்துவதாக இல்லை. நிரோஷாவின் காதுக்கருவி அத்தனையையும் ஒரு சொல் சிந்தாமல் ஆறு நாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கைக்குள் சண்டை சட்டென்று நின்றது. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வெட்கப்பட்டால் ஒரு கை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தோளிலிருந்து விரல்வரை வெதுவெதுப்பாக, கனமே இல்லாமல் இருந்தது.

"அது இன்னாதான்டி அது, ஒரு கைக்கு மட்டும் ஜாக்கெட்டு?" என்று கேட்டாள் சித்ராக்கா, சிரித்து ஓய்ந்த பிறகு.

நிரோஷா யாரிடமும் அதிகம் பேசாதவள். கடைக்குப் போனால்கூட வேண்டியதை விரலால் காட்டி வாங்கி வருபவள். ஆனால் இதைப்பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறந்துகொள்ளும்.

"கைச்சட்டைக்கா. இதே மாதிரி இன்னும் பதினொண்ணு கீது. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஆர்ட்டிஸ்ட் மாட்டிக்கினு, இந்தத் தோள் காமிரா வழியா சுவத்தைப் பார்த்துக்கினு இருப்பாங்க. கையை இப்படிக் கொண்டுபோலாம்னு அவங்க நெனச்சாப் போதும், அந்தத் துடிப்பு இங்க வந்துடும். எல்லாரோட துடிப்பையும் இது கூட்டிப் பார்க்கும். எந்தப் பக்கம் மெஜாரிட்டியோ அந்தப் பக்கம் என் கையை இஸ்துக்கும்."

"எலெக்சன் மாதிரியா?"

"ஆமாக்கா. ஒரு கோட்டுக்கு நூறு எலெக்சன்."

"அப்போ நீ யாரு?"

"நான் வெறும் கைதான்க்கா" என்றாள் நிரோஷா, பெருமையாக.

அவள் படகுகளுக்கு எண் எழுதுபவள். அரசாங்கம் சொன்ன உயரம், சொன்ன அகலம், சொன்ன நிறம். ஆடுகிற படகின்மேல் குந்திக்கொண்டு எழுதினாலும் அவளுடைய எட்டு எட்டாகவே இருக்கும். 'நீர்க்கோடு' என்ற குழு இணையத்தில் போட்டிருந்த அறிவிப்பை அவள் கைப்பேசியில் பார்த்தாள். 'கை தேவை. கழிமுகத்தின் அருகில் வசிப்பவராக, நடுங்காத கை உடையவராக இருக்க வேண்டும். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.' அந்தக் கடைசி வரிதான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

நீர்க்கோட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. இறந்த ஏரி, குப்பை கொட்டிய ஆறு, காணாமல்போன குளம் என்று தேடிப்போய், அங்கே ஒரு கையைப் பிடித்து, அருகிலிருக்கும் சுவரில் ஒன்றுகூடி வரைவார்கள். கண்டல்குப்பத்தில் அவர்கள் வரைய எடுத்துக்கொண்டது, கழியைவிட்டுப் போய்விட்ட உயிர்களை. ஆலை வந்த பத்து வருடத்தில், அது துப்பிய உப்பில், ஒவ்வொன்றாகப் போனவை. ஊர் ஒரு வழக்கும் போட்டிருந்தது. அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு கோடு யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டவர் அன்றே வெளியேற வேண்டும்.

"எதுக்குங்க அப்படி?" என்று முதல் நாளே நிரோஷா கேட்டிருந்தாள்.

"ரெண்டு காரணமுங்க கண்ணு" என்றார் மீனலோசனி. "ஒண்ணு, ஓவியருங்க ஒண்ணாச் சேந்தா 'இது என்ற கோடு, அது உன்ற கோடு'ன்னு அடிச்சுக்குவாங்க. நான் முப்பது வருசமாப் பாக்கறேன். ரெண்டாவது, சுவத்துல வரைஞ்சதுக்குக் கேசு போடோணும்னா ஆளு வேணும். பன்னெண்டு பேரு, ஆறு நாடு, கலந்து போன கோடு. எவனைப் பிடிப்பான்? யாருதுன்னு தெரியாத வரைக்கும் நீங்களும் பத்திரம், நாங்களும் பத்திரம்."

நியாயமாகத்தான் இருந்தது. ஏழாம் நாள் வரைக்கும்.

ஏழாம் நாள் கை சண்டை போடவில்லை. தூரிகையைச் சுவருக்கு அருகில் கொண்டுபோனாள். கை தானாக எழுந்து, ஒரே இழுப்பில், ஊடான் மீனின் முதுகை வரைந்தது. மெல்லிய, வெள்ளிக் காசு போன்ற ஊடான். அது கூட்டமாகத் திரும்பும்போது எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மின்னும். சுவரிலும் சாய்ந்தது. முந்தின நாள் முழுக்க அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஊடானைத்தான்!

யாரோ ஒருவருக்கு அவள் மனசு தெரிந்திருக்கிறது. பத்துப் பேரின் இழுப்பைத் தன் பக்கம் திருப்புகிற அளவுக்கு உறுதியான கை அது. கழியைக் கரைத்துக் குடித்த கை.

பத்தாம் நாள் நண்டு வந்தது. சேற்று நண்டு ஓடு கழற்றும் காலத்தில் பெண் நண்டு பஞ்சுபோல் ஆகிவிடும். எது தொட்டாலும் செத்துப்போகும். அப்போது ஆண் நண்டு அவளைத் தன் வயிற்றுக்குக் கீழே கால்களால் அணைத்துக்கொண்டு, நாள்கணக்கில் தூக்கிக்கொண்டு திரியும். புது ஓடு இறுகும்வரை விடாது. இதை இடுப்பளவு சேற்றில் நின்று பார்த்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஜோடியைத்தான் கை வரைந்தது. மேலே கரும்பச்சையில் அவன். கீழே, விரல் வைத்தால் உள்ளே போய்விடும் போல, அவள்.

சித்ராக்கா வந்தாள், பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு போனாள். குப்பத்தின் வரலாற்றில் அது முதல் தடவை.

அன்று மதியம் நிரோஷா காதலில் விழுந்தாள். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வலது கை நகங்களை மட்டும் வெட்டினாள். வலது முழங்கைக்கு மட்டும் எண்ணெய் தேய்த்தாள். மறுநாள் சித்ராக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, ஒரு கைக்கு மட்டும் நெயில்பாலிசு?"

"தீந்துபோச்சுக்கா."

"பொய் சொல்லாத. பாட்டில் ரொம்பி வழியுது, ஜன்னல்ல பார்த்தேன். யார்டி அவன்?"

நிரோஷா ஓடியே போய்விட்டாள்.

துஷ்யந்தனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. அவன் அம்மா யாழ்ப்பாணத்தில் ஏதோ கடற்கரை ஊர் என்று ஒருமுறை சொல்லியிருந்தான். நண்டு முடிந்த அன்று அவன் மட்டும்தான் தயங்கித் தயங்கிப் பேசினான். "ஆர் கீறினது எண்டு கேக்கப்படாது, தெரியும். ஆனா என்ன வடிவு, நிரோஷா. எனக்கு என்ன சொல்றதெண்டே தெரியேல்லை." தான் வரைந்ததைத் தானே புகழ்கிற கள்ளனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால், தரையில் கால் பட்டதாக நினைவில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதே கை குறுகுறுத்தது. இன்று என்ன வரைவான்? கிழங்கான் மீனா? ஆம், கிழங்கான்! அவள் கண்டல் மரத்தின் மூச்சுவேர்களை நினைத்தால், சேற்றிலிருந்து விரல் நீட்டுவது போல வேர்கள் முளைத்தன. உள்ளான் குருவி ஒற்றைக்காலில் நிற்குமே என்று நினைத்தால், நின்றது. இருவருக்கும் இப்படி மனம் ஒத்துப்போனால் கல்யாணத்துக்குப் பிறகு பேசவே வேண்டியிருக்காது என்று நினைத்து, பேசப் பயந்த அந்தப் பெண் உள்ளுக்குள் குதித்தாள்.

ஆனால் முப்பதாம் நாளோடு சுவர் முடிந்துவிடும். கைச்சட்டை வேறொரு ஆற்றங்கரைக்கு, வேறொரு கைக்குப் போய்விடும். இன்னும் மூன்று நாள். கேட்காமல் விட்டால் அவன் யாரென்று ஆயுள் முழுக்கத் தெரியாது. கேட்டால் அந்த நிமிடமே குழுவிலிருந்து வெளியே, மூன்று நாள் முன்னாலேயே அவன் கையை இழந்து.

இருபத்தெட்டாம் நாள், உச்சி வெயிலில், எல்லோரும் இணைப்பில் இருந்தபோது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"அந்த நண்டு யாரோட கோடு?"

பதில் வருமுன் அவளே தொடர்ந்தாள்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும். வெளிய அனுப்பிடுங்க, பரவால்ல. ஆனா சொல்லிட்டு அனுப்புங்க. நண்டு, ஊடான், வேரு, குருவி எல்லாம் ஒரே கைதான். எனக்குத் தெரியும். துஷ்யந்தன்... நீங்கதான?"

"நானோ?" துஷ்யந்தனின் குரல் கீச்சென்றது. "ஐயோ, நான் நண்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளதான் கண்டிருக்கிறன்! நிரோஷா, ஒண்டு சொல்றன், கோவிக்காதேங்கோ. அந்தச் சித்ராக்கா சிரிச்ச அண்டைக்கே நான் தள்ளுறதை விட்டிட்டன். வெக்கமாப் போச்சு. சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறன். உங்கட கை போற போக்கில போறது நல்லா இருந்தது. மற்ற ஆக்கள் கீறுகினம் எண்டு நினைச்சன்."

"நானும் அப்படித்தான் நினைச்சனுங்க" என்றார் மீனலோசனி, சன்னமாக. "என்ற தோள்பட்டை வலி தாங்காம ஆறாம் நாளே கழட்டிப்போட்டன். டீவியில போட்டு முறுக்குத் தின்னுட்டுப் பாத்துட்டு இருக்கறன். யாருதுன்னு கேக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டு, நான் போயி எப்படிங்க கேக்கறது?"

பிறகு ஒருவர் விடாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒருவர் மூன்று வாரமாகச் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தார். ஒருவர் இன்னொருவரின் கோடு என்று நம்பி அவருக்கு நான்கு பக்கம் பாராட்டுக் கடிதமே எழுதிவிட்டார். அவரும் அடக்கமாக நன்றி சொல்லிவிட்டார். கடைசியாகப் பூங்கொடி. கைச்சட்டையைச் செய்தவளும் அவள்தான்.

"நம்மளுது நாற்காலில கிடக்கு லா" என்றாள். "அதுக்குள்ளே பூனை போய்த் தூங்குது. அந்தத் தென்கோடியில கொழகொழன்னு ஒரு மேகம் இருக்கே, அது நம்ம பூனை காலை மடக்கி மடக்கிப் பிசைஞ்சது."

நிரோஷா மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ யாருமே இல்லன்னா எப்படிக் கை இஸ்துது? நான் ஒண்ணுமே பண்ணல. தளர வுட்டுட்டுத்தான் நின்னேன். கையை யாரோ புடிச்சு இஸ்துனாங்க, நல்லாத் தெரிஞ்சுது எனக்கு."

"மாட்டியிருக்கிற ஆளுக்கும் ஒரு ஓட்டு இருக்கு, நிரோஷா" என்றாள் பூங்கொடி. "உன் தசை லேசாத் துடிச்சாக்கூட அதையும் எண்ணும். எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அதுக்குப் பலம் கொடுத்து இழுக்கும். நாங்க யாரும் ஓட்டே போடலியே. இருபத்தியோரு நாளா நீ அன்னப்போஸ்ட்ல ஜெயிச்சிருக்கே லா!"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சிரித்த சத்தத்தில் காதுக்கருவி கரகரத்தது. நிரோஷா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். நண்டைப் பார்த்தாள். அப்படியொரு ஆள் இல்லை. டொரொன்டோவில் இல்லை, எங்கேயும் இல்லை. எண்ணெய் தேய்த்ததும் நகம் வெட்டியதும் தன் கைக்கே. மூக்கு நுனி எரிந்தது. ஒரு நிமிடம், தாலி கட்டுமுன் மாப்பிள்ளை எழுந்து போய்விட்டது போல இருந்தது.

பிறகு, அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்றுதான் நினைத்தாள். சிரிப்பு. தன்னைத்தானே காதலித்துவிட்டு, துஷ்யந்தனை எல்லோர் முன்னாலும் மாட்டிவிட்டு... வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகு சாய்ந்து, ஈரச் சாயம் சட்டையில் ஒட்ட ஒட்டச் சிரித்தாள்.

"கண்ணு, கேளுங்க" என்றார் மீனலோசனி, அவள் அடங்கியதும். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "கோடு பூராவும் உங்களோடதா இருக்கறப்ப உங்களை எங்கீங்க அனுப்பறது? ஆனா இதை வெளிய மூச்சு விடாதீங்க. பன்னெண்டு பேருன்னே இருக்கட்டும். ஒரே ஆளுன்னு தெரிஞ்சா உங்களைத்தான் பிடிப்பாங்க."

நிரோஷாவும் சரி என்றாள். மறைந்துகொள்வது அவளுக்குப் பழக்கமான வேலைதான்.

முப்பதாம் நாள் காலை ஆலையின் சட்டப் பிரிவிலிருந்து தேவசகாயம் என்கிற அதிகாரி வந்தார். அட்டை வைத்த தாள்கள், வியர்த்துப்போன சட்டை, நல்ல மனிதருக்குரிய களைப்பு. பயந்து நின்றவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பயப்படாதம்மா. உன்மேல கேஸ் ஒண்ணும் இல்ல. நீ வெறும் கைதானே? வரைஞ்சதெல்லாம் வெளியூரு, வெளிநாட்டு ஆளுங்க. அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"அது எதுக்கு சார்?"

"உங்க ஊர் போட்ட கேஸுக்குத்தான். இந்தச் சுவரை ஊர்க்காரங்க கோர்ட்டுல காட்டுறாங்க, 'இதெல்லாம் இங்க இருந்துச்சு'ன்னு. கம்பெனி என்ன சொல்லுது? இந்தக் கழியைக் கண்ணால பார்க்காதவங்க, எங்கியோ உக்காந்துக்கிட்டுக் கற்பனையா வரைஞ்சது. இந்த மீனு, நண்டு எதுவும் இங்க இருந்ததே இல்ல." பேனாவை நீட்டினார். "நீ கையெழுத்துப் போட்டா உனக்கு ஒரு தொந்தரவும் வராது. நான் பார்த்துக்கறேன்."

பேனாவை வாங்கினாள். காதுக்குள் மீனலோசனி, "போட்டுருங்க கண்ணு, போட்டுருங்க" என்றார். நிரோஷா கைச்சட்டையின் கொக்கிகளைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காதுக்கருவியையும் எடுத்து மீன்பெட்டியின்மேல் வைத்தாள். வெறுங்கையில் கடற்காற்று பட்டுச் சிலிர்த்தது.

"நான்தான் சார் வரைஞ்சேன்."

"என்னது?"

"எல்லாம் நான்தான். அந்த மேகம் மட்டும் ஒரு பூனை. அப்புறம் அந்த முழுகாம கீற மீனு, அது மட்டும் அவங்க."

தேவசகாயம் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏம்மா, படகுக்கு நம்பர் எழுதற பொண்ணுன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். இது பெரிய ஆர்ட்டிஸ்ட் வேலை. எங்க, இப்ப ஒண்ணு வரை பார்க்கலாம்?"

சித்ராக்காவும் இன்னும் நாலு பேரும் கூடைகளோடு நின்றுவிட்டார்கள். இத்தனை கண்கள் தன்மேல் இருந்தால் வழக்கமாக அவள் யாருக்காவது பின்னால் போய் நின்றுகொள்வாள். அன்றைக்கு ஏனோ உள்ளங்கால் கூசியது, ராட்டினம் மேலே போகும்போது கூசுமே, அப்படி. அவர் கையிலிருந்த தாளையே வாங்கி, அட்டையோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நிக்கிற இடத்துலதான் சார் நாங்க இறால் தடவுவோம். வெறுங்கையால. வெள்ளை இறால். தலையில ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், குத்தும். புடிச்சா வாலை இப்படி மடக்கி உதைக்கும்..."

பேசிக்கொண்டே வரைந்தாள். யாரும் இழுக்கவில்லை. பேனாவின் நீல மையில் இறாலின் முதுகு வளைந்து எழுந்தது, ரம்பம் முளைத்தது, வால் உதைக்கத் தயாராக மடிந்தது. தாளைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையைக்கூட அது உதைத்துவிடும் போலிருந்தது. தேவசகாயத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அம்மாடி" என்றார், தாழ்ந்த குரலில். "இந்தத் தாளு ஃபைலுக்குப் போவுது. நீதான் வரைஞ்சேங்கிறதுக்கு இதுவே சாட்சி ஆயிடும். சுவத்தைக் கெடுத்த கேஸ் உன் பேர்ல வரும். அதே நேரம் உங்க ஊர் கேஸுக்கும் நீதான் சாட்சின்னு கூண்டுல ஏத்துவாங்க. நூறு பேர் முன்னாடி நின்னு பேசணும். தெரியுதா?"

"தெரியுது சார்."

அவர் தாளை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். நிரோஷா அட்டையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க" என்றாள். "இன்னும் மீசை பாக்கி கீது."